காக்கா திருக்கோவிலில் இருக்கிறார், வாப்பா

என் உயிருக்கு உயிரான வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் மவுத்தாகி மூன்று நோன்புக் காலம் கழிந்துவிட்டது. உங்கள் கபுறுத் தலைமாட்டில் நட்ட மீஸான் பலகையில் எழுத்து மங்கிவிட்டதென்று உங்கள் மருமகன் ரமீஸ் வந்து சொன்னார். புதிதாக எழுதக் கொடுத்திருக்கிறோம். அது சின்னச் செய்தி. பெரிய செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கதையானாலும் முடிவைக் கேட்ட பிறகுதானே நீங்கள் தொடக்கத்தைக் கேட்பீர்கள்.

காக்கா உயிரோடு இருக்கிறார், வாப்பா. உங்கள் மூத்த மகன் நவ்பர். நேற்றும் அவரோடு கதைத்தேன்.

இனி மெதுவாகச் சொல்கிறேன். நான் எழுதுவதைப் பக்கத்தில் இருந்து வாசித்துக்கொண்டிருக்கிற என் பிள்ளைகளுக்காகவும் முதலிலிருந்து சொல்கிறேன். அவர்களுக்கு மாமா என்று ஒருவர் இருப்பதே இப்போதுதானே தெரிந்திருக்கிறது.

சுனாமியாகக் கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் சாகாமத்து வயலில் நின்றீர்கள். நான் சம்மாந்துறையில் மாமி வீட்டில். கல்முனைக்குடி வீட்டில் உம்மாவும் காக்காவும் மட்டும்தான். உம்மாவின் மையித்து மறுநாள் கிடைத்தது. காக்கா கிடைக்கவேயில்லை. பதினேழு வயது அவருக்கு. நீங்கள் கரையில் ஒதுங்கிய மையித்துகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டு திரிந்தீர்கள். பிறகு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினீர்கள். பள்ளிவாசல் ஆட்கள் வந்து, உடல் கிடைக்காதவருக்கும் ஜனாஸா தொழலாம், தொழுது மனசை ஆற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

"கண்ணால காணாத மவுத்துக்கு நான் தொழமாட்டன்" என்றீர்கள்.

எத்தனை பேர் எத்தனை தரம் கேட்டும் அதே பதில்தான். கடைசிக் கிழமையில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு கிடந்தபோது மாமியும் கேட்டா. தலையை மட்டும் ஆட்டி மறுத்தீர்கள். காக்கா இருப்பார் என்று நான் நம்பவில்லை, வாப்பா. ஆனால் உங்களை எதிர்த்துக் கதைக்கவும் மனசு வரவில்லை.

நான் கல்முனை மெயின் வீதியில் கண்ணாடிக் கடையில் வேலை செய்வது தெரியுந்தானே. சேர்ந்த முதல் நாள் நீங்கள்தான் கொண்டுவந்து விட்டீர்கள். போன மாரி முடிந்த கையோடு ஒருநாள் ஒரு தமிழ்ப் பிள்ளை தன் அண்ணனைக் கண் பார்க்கக் கூட்டிவந்தாள். பெயர் ஜெயந்தி. தெற்கே திருக்கோவில் ஊர் ஆட்கள். அண்ணன் நெற்றியில் திருநீறும் சந்தனமும் வைத்திருந்தார். வெயிலில் கறுத்த உடம்பு, காதடியில் நரை. அவருக்கு எழுத்து வாசிக்க வராது என்றாள். அப்படியானவர்களுக்கென்று எங்களிடம் மூன்று கால் படம் ஒன்று இருக்கிறது. கால்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று கையால் காட்டினால் போதும். அவரும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கவனமாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

கண்ணாடி துடைக்கிற மருந்தின் வாசம் மூக்கில் ஏறியிருக்க வேண்டும். திடீரென்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு தும்மினார்.

வாப்பா, அது உங்கள் தும்மல். நீங்கள் தும்மினால் உம்மா அடுப்படியில் இருந்து "கூரை இரிக்கா, போயிட்டா?" என்று கேட்பாவே, அதே தும்மல். அடுத்தடுத்து வெடித்து, கடைசியில் ஒரு முனகலோடு அடங்குகிறது. அதற்குப் பிறகு அந்தத் திருநீற்று மனிதர், வாயைத் துடைத்துக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். கடைசி எழுத்தை விழுங்கி, உங்களைப் போலவே.

என் வாய் பழக்கத்தில் "யர்ஹமுகல்லாஹ்" என்றது. தும்மியவர் அப்படிச் சொன்னால், அல்லாஹ் உங்களுக்கு இரங்கட்டும் என்று பதிலுக்குச் சொல்வதுதானே.

"யஹ்தீகுமுல்லாஹ்" என்றார் அவர், கைலேஞ்சியை மடித்துக்கொண்டே.

 முதல் சொல்லை யாரும் எங்கேயும் பொறுக்கிக்கொள்ளலாம். எங்கள் சந்தைக்கு மீன் கொண்டுவருகிற தமிழ் ஆட்கள்கூடப் பகிடிக்குச் சொல்வார்கள். பதிலுக்குப் பதிலாக வருகிற இந்த மூன்றாவது சொல்லைச் சொல்ல எங்கள் ஆட்களிலேயே பாதிப் பேருக்கு வராது. அது வீட்டில், சின்ன வயதில், தலையில் குட்டு வாங்கிப் படிக்கிற சொல். எங்கள் வீட்டில் குட்டியது நீங்கள்.

ஜெயந்தி சிரித்தாள். "அண்ணன் எப்பவும் இப்பிடித்தான் அக்கா. கடலடிச்ச நேரம் தலையில அடிபட்டு கனநாள் ஆஸ்பத்திரியில கிடந்தவர். பழைய ஞாபகமும் இல்ல, படிச்ச எழுத்தும் இல்ல. பக்கத்துக் கட்டில்ல ஆரும் முஸ்லிம் ஆள் இருந்திருக்கும், அவரிட்டப் படிச்சது எண்டு அம்மா சொல்லுவா."

அவர் என்னைப் பார்த்து, "அதுக்கு என்ன அர்த்தம் தங்கச்சி?" என்று கேட்டார்.

கடைக்கு வருகிற எல்லோரும் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். 'அல்லாஹ் உங்களுக்கு நேர்வழி காட்டட்டும்' என்று அர்த்தத்தைச் சொல்லிவிட்டு, அன்றைக்குச் சீட்டு எழுதக் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து ரமீஸிடம் சொன்னேன். "தும்மலை வெச்சி ஆளைப் புடிக்கேலுமா?" என்று முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "சரி, கண்ணாடி வந்தோடன நாமளே கொண்டுபோய்க் குடுப்பம். வீட்டைப் பாத்தாத் தெரியுந்தானே" என்றார்.

போனோம். பொத்துவில் வீதியில் இருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் வீடு. சாகாமத்து வயலுக்குப் போக நீங்கள் எத்தனை போகம் அந்தப் பக்கத்தால் மோட்டார் சைக்கிளில் போயிருப்பீர்கள்? ஒருநாளாவது இரண்டு பேரும் எதிரெதிரே கடந்திருப்பீர்களா?  அதை நான் அதிகம் நினைப்பதில்லை.

ஜெயந்தி வேலைக்குப் போயிருந்தாள். அவர் கரைவலை இழுக்கப் போயிருந்தார். தாய் பூரணம் அம்மா மட்டும் முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தா. மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு நிமிர்ந்தவ, என் முக்காட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தா. கையில் இருந்த மீன் கீழே விழுந்தது.

"வந்திட்டீங்களா?" என்றா.

நான் கண்ணாடிப் பெட்டியை நீட்டினேன். கடையில் இருந்து வருகிறோம் என்றேன். அவ அதை வாங்கவேயில்லை.

"கண்ணாடிக்கு வந்த முகமா இது? அவன்ட முகமெல்லோ. இரி புள்ள. இருந்து கேளு. எனக்கும் வயசு போயிட்டு. இனியும் இதச் சுமக்க ஏலாது."

ரமீஸ் என் பக்கத்தில் வந்து நின்றார். பூரணம் அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துத் துடைத்துக் கதைத்தா.

"அவன் என்ட வயித்தில பிறந்த புள்ள இல்ல. கண்ட உடனே தெரியும். பெத்தவளுக்குத் தெரியாமலா? கடல் கொண்டுபோன என்ட மகன் சிவாவைத் தேடித்தான் அந்தத் தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போனன். கட்டில் கட்டிலாப் பாத்தன், அவன் இல்ல. இவன் தலை முழுக்கத் துணி சுத்திக் கிடந்தான். கிட்டப் போனன். கையப் புடிச்சிட்டான். உம்மா எண்டானோ அம்மா எண்டானோ, எனக்கு அம்மா எண்டுதான் கேட்டது. மறுகா கையை விடவே இல்ல. இவனுக்கு ஆருமில்ல, எங்கயோ விசர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போறாங்க எண்டு சொன்னாங்க. என்ட புள்ளதான் எண்டு சொல்லிட்டன்."

"முஸ்லிம் புள்ள எண்டு தெரியாதா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஆஸ்பத்திரியில தெரியா. வீட்ட கூட்டிவந்து குளிப்பாட்டக்குள்ள தெரிஞ்சிட்டு. முஸ்லிம் ஆக்கள் கனக்க உள்ள ஊரெண்டு ஒருநாள் பஸ் ஏறிக் கல்முனைக்கும் வந்தன், மகள். இறங்கிப் பாத்தா வீடுமில்ல, வளவுமில்ல. ஆரிட்ட, என்ன பேரச் சொல்லிக் கேக்கிற? கிறுகி வீட்ட வந்திட்டன். அதுக்குப் பிறகு ஊருக்கு ஊர் பிரச்சின, ரோட்டில போகப் பயம். பிரச்சின முடியக்குள்ள எனக்கு அவனை விட மனசில்ல. அதுதான் உண்ம."

"எங்கட வாப்பா சாகுமட்டும் தேடினார்" என்றேன்.

அவ அப்படியே நிலத்தில் குந்தி, வாயைப் பொத்திக்கொண்டு அழுதா. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, வாப்பா. அந்த ஒரு பொய்யால் நீங்கள் எத்தனை பஸ்ஸில், எத்தனை ஊரில் அலைந்தீர்கள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. "எந்த ஆஸ்பத்திரி?" என்று மட்டும் கேட்டேன். சொன்னா.

அந்தப் பெயரைக் கேட்டதும் நான் மறந்தே போயிருந்த ஒன்று மேலே வந்தது. அகதி முகாமில் இருந்த காலம். நீங்கள் தூரத்தில் எங்கோ போய் இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தீர்கள். மாமி தேத்தண்ணி தந்தா. நீங்கள் சொன்னீர்கள்: "நம்மட பக்கத்துப் பொடியன் ஒருத்தன் அங்க இருந்திரிக்கான். நான் போறதுக்கு முதல் நாள்தான் திருக்கோவில்ல இரிந்து தாய் வந்து கூட்டிப்போனாவாம். கட்டில் வெறுமையாக் கிடந்த. அல்ஹம்துலில்லாஹ், ஒரு தாய்க்காவது புள்ள கிடச்சிட்டான்." சொல்லிவிட்டு, கையேந்தி, முன்பின் காணாத அந்தத் தாய்க்காகவும் பிள்ளைக்காகவும் துஆ கேட்டீர்கள்.

அது உங்கள் பிள்ளையின் கட்டில், வாப்பா. நீங்கள் துஆ கேட்டது உங்கள் பிள்ளைக்கு.

அந்த முற்றத்தில் நின்றபடி அதைப் பூரணம் அம்மாவுக்குச் சொன்னேன். சொல்லி முடித்தபோது எனக்கும் அழுகை வந்துவிட்டது. கோபம் எந்த இடத்தில் போனதென்று தெரியவில்லை. நீங்களே துஆ கேட்டு அனுப்பிவைத்தவவிடம் நான் எதைச் சொல்லிச் சண்டை பிடிக்க?

அந்த நேரம் பார்த்து அவர் கடற்கரையில் இருந்து வந்தார், சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கால் முழுக்க மணலோடு. நாங்கள் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. கண்ணாடியைப் போட்டுவிட்டேன். சுற்றிப் பார்த்தார். அம்மாவைப் பார்த்து, "ஏன் அழுத நீங்க?" என்று கேட்டார். "கருவாட்டுக் காரம்" என்றா அவ. காரமில்லாத கருவாட்டைக் குனிந்து அவரும் புரட்டத் தொடங்கினார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மனநல டொக்டர் ஒருவரிடம் நானும் பூரணம் அம்மாவும் சேர்ந்தே போனோம். முதலில் இரத்தத்தைச் சோதித்து உறுதி செய்யச் சொன்னார். அதன்பின் காக்காவிடம் ஒரே தரத்தில் எல்லாவற்றையும் கொட்டாமல், அவர் கேட்கக் கேட்கச் சொல்லச் சொன்னார். ஞாபகம் திரும்புமா என்று கேட்டேன். இத்தனை காலத்துக்குப் பிறகு அதை எதிர்பார்க்க வேண்டாம், ஆளைப் பாருங்கள் என்றார். டொக்டர் சொன்ன சோதனை என்று அம்மா கூட்டிவர அவரும் இரத்தம் கொடுத்தார், கொழும்பில் இருந்து முடிவு வந்தது. நானும் அவரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

சொல்ல வேண்டிய நாளும் வந்தது. திருக்கோவில் வீட்டு உள்ளறையில் நாங்கள் நான்கு பேர்தான், அவரும் பூரணம் அம்மாவும் ஜெயந்தியும் நானும். சுவரில் சிவாவின் பள்ளிக்கூடப் படம் தொங்குகிறது. சொல்லத் தொடங்கியது அம்மாதான். "மகன்…" என்று தொடங்குவா, நிறுத்துவா. எனக்கு அப்போதுதான் பட்டது, அவ அவரை ஒருநாளும் சிவா என்று கூப்பிட்டு நான் கேட்கவில்லை. மகன் என்பா. அவ்வளவுதான்.

கடைசியில் அவரே கதைத்தார்.

"அந்தப் படத்தில இருக்கிற பொடியன் நான் இல்ல. அதானே?"

அம்மா நிமிர்ந்து பார்த்தா.

"எனக்கு அது எப்பவோ தெரியும் அம்மா. அந்தப் பொடியன்ட காதும் என்ட காதும் ஒண்டா? கண்ணாடிக்கு முன்னால நிண்டு எத்தின தரம் பாத்திருக்கன். நான் ஆரெண்டு தெரியா, ஆனா அவன் இல்லயெண்டு தெரியும். சொன்னா நீங்க தாங்கமாட்டீங்க எண்டுதான் சும்மா இருந்தன்."

"நான் சொன்னா நீ தாங்கமாட்டாய் எண்டு நான் சும்மா இருந்தன்" என்றா அம்மா.

 இரண்டு பேரிலும் முதலில் யார் சிரித்தது என்று தெரியாது. அழுகையும் சிரிப்புமாக அம்மா அவரின் தோளில் அடித்தா. "கள்ளன்! இத்தின வருசமும் என்னப் பேய்க்காட்டி இருக்கிறாய்!" என்றா. அவர் அம்மாவின் கையைப் பிடித்து வைத்துக்கொண்டார். மூச்சு விட மறந்துபோய் இருந்த வீடு அன்றைக்குத்தான் மூச்சு விட்டது என்று எனக்குத் தோன்றியது.

ஜெயந்திதான் பாவம். அவளுக்கு மட்டும்தான் ஒன்றும் தெரியாது. அவர் வந்த நேரம் பால்பல் விழாத சின்னப் பிள்ளை அவள். எழும்பி வெளியே போய்விட்டாள். ஒரு கிழமையாக என்னோடும் கதைக்கவில்லை, தாயோடும் கதைக்கவில்லை. பிறகு கடைக்கு வந்தாள். கண்ணெல்லாம் வீங்கி இருந்தது.

"எனக்கு அண்ணன் இருக்காரா, செத்திட்டாரா அக்கா?" என்று கேட்டாள்.

"ரெண்டும்தான் புள்ள" என்றேன். வேறென்ன சொல்ல? கடைக்குள்ளேயே கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம். கண் பார்க்க வந்தவர்கள் காத்திருந்தார்கள்.

காக்காவுக்கு உங்களை ஞாபகமில்லை, வாப்பா. அதை மறைக்கமாட்டேன். உம்மாவையும் இல்லை, என்னையும் இல்லை. கல்முனைக்குடியில் எங்கள் பழைய வளவைக் காட்டினேன். தென்னையைத் தடவிப் பார்த்தார், கடலைப் பார்த்தார், "நல்ல காத்து" என்றார். எங்கள் வீட்டுப் படங்கள் எல்லாம் கடலோடு போய்விட்டன அல்லவா. மாமியிடம் இருந்த ஒரு கலியாணப் படத்தில் நீங்கள் ஓரமாக நிற்கிறீர்கள். அதைக் காட்டினேன். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக் கனநேரம் பார்த்தார்.

"இவருதான் அந்தத் தும்மல் ஆளா?" என்று கேட்டார்.

"ஓம்."

"நல்ல மனுசன் போல இருக்கார்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் அன்றைக்கு முழுக்க நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். ஞாபகம் உள்ளவர்கள் சொல்வதையே அவரும் சொல்லிவிட்டார்.

ஊர் சும்மா இருக்குமா? பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர் வீட்டுக்கு வந்து, திருநீறு பூசிக்கொண்டு திரிகிறவரை எப்படி நம்மட ஆள் என்கிற, உடனே இங்கே கூட்டிவந்து வைக்க வேண்டும் என்றார். ரமீஸுக்கு முகம் சிவந்துவிட்டது. நல்ல வேளையாக மௌலவியும் கூட வந்திருந்தார். "ஞாபகம் இல்லாத மனுசன்ட தலையில அல்லாஹ் பாரம் ஏத்தமாட்டான். நாம ஏன் ஏத்துற? வந்துபோகட்டும். வாசல் திறந்து கிடக்கட்டும்" என்றார். வந்தவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். காக்கா அதற்குப் பிறகு இரண்டு வெள்ளிக்கிழமை ரமீஸோடு ஜும்ஆவுக்குப் போனார். திருநீறு வைக்கிற நாளும் உண்டு, வைக்காத நாளும் உண்டு. நான் கேட்பதில்லை.

இருப்பது திருக்கோவிலில்தான். "அம்மாவுக்கு இரவில மூச்செடுக்க ஏலாம முட்டு இழுக்கும், நான் பக்கத்தில இருக்கோணும்" என்கிறார். சரிதானே. உங்களுக்கு முட்டு இழுத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிவாவுக்கு இந்த வருடம்தான் காரியம் செய்தார்கள். பெற்ற பிள்ளை செத்துவிட்டான் என்று பூரணம் அம்மாவால் இத்தனை காலமும் வாய்விட்டு அழ முடியவில்லையே. ஊருக்கு முன்னால் சிவா வீட்டில் அல்லவா இருந்தான். கோயிலடிக் கடற்கரையில் சிவாவின் சித்தப்பா நின்று செய்தார். நாங்களும் போயிருந்தோம். அலை வந்து அம்மாவைத் தள்ளிவிடாமல் காக்கா பின்னால் நின்று இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். "சிவா… என்ட சிவா…" என்று அவ கடலைப் பார்த்துக் கூப்பிட்டு அழுதா. அந்தப் பெயரை அவ வாயால் நான் கேட்ட முதல் தரம் அது. திரும்பி வரும்போது அவவின் நடை லேசாக இருந்தது. அன்றைக்கு நல்லாச் சாப்பிட்டா என்று ஜெயந்தி போனில் சொன்னாள்.

வருகிற வெள்ளிக்கிழமை ரமீஸ் காக்காவை உங்கள் கபுறடிக்குக் கூட்டிவருவார். அவரே கேட்டதுதான், நான் சொல்லிக்கொடுக்கவில்லை. என்ன ஓத வேண்டும் என்று தெரியாமல் நிற்பார். நீங்கள் குட்ட வேண்டாம். பூரணம் அம்மாவும் வருவேன் என்கிறா. பெண்கள் உள்ளே வருவதில்லையே, மதிலுக்கு வெளியே என்னோடு நிற்பா. உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். வாப்பா எப்போதோ துஆ கேட்டு முடித்துவிட்டார், இனி என்ன மன்னிப்பு என்று சொல்லிப் பார்த்தேன். என் சொல்லைக் கேட்கமாட்டேன் என்கிறா.

உங்களுக்கு நான் தருகிற வாக்கு இது, வாப்பா. "ஞாபகம் வருதா?" என்று அவரிடம் ஒருநாளும் கேட்கமாட்டேன். உங்களைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக, அவர் கேட்கிற அளவுக்கு, சோறு பரிமாறிக்கொண்டே சொல்லிவருவேன். அந்தத் தாயிடம் இருந்து அவரைப் பிடுங்கமாட்டேன். அவவுக்கு ஏலாமல் போகிற நாளில் அவவையும் நான் பார்ப்பேன். நீங்கள் இனி எந்த பஸ்ஸும் ஏற வேண்டாம், எந்தக் கட்டிலையும் எட்டிப் பார்க்க வேண்டாம். காலை நீட்டிப் படுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பிள்ளைகளில் இளையவள்,
சபீனா